நாற்பத்தொன்றரை கிலோவுக்கு ஒரு ஸ்ப்ரிங்

எழுபத்திரண்டு வயதில் ஓட்டை மோட்டார் சைக்கிளில் பெங்களூருக்குக் கிளம்புகிறவனை யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துவிட்டன. ஓசூரில் ஆறு மெக்கானிக்குகளைக் கேட்டேன். ஆறு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “இந்த மாடலுக்கு இப்ப சாமான் வர்றதில்ல சார், பெங்களூர்ல கேட்டுப் பாருங்க.” என்னிடம் ஞாயிறும் திங்களும்தான் இருந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு என் மனைவி மனோன்மணிக்கு டயாலிசிஸ்.

வாரத்தில் மூன்று நாள்: செவ்வாய், வியாழன், சனி. எங்கள் கிராமத்திலிருந்து ஓசூர் மருத்துவமனைக்குப் பதினொன்றரை கிலோமீட்டர். வேகத்தடை பத்தொன்பது. முதல் பேருந்து ஏழு பத்துக்குத்தான். ஆட்டோவுக்குப் போக வர எண்ணூறு ரூபாய். நான் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணியவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். வருகிற பென்ஷன் மூன்று தடவை ஆட்டோவில் போய் வந்தால் தீர்ந்துவிடும். வீட்டின் முன்னறையை வாடகைக்கு விட்டதில் சாப்பாடு நடக்கிறது. ஆகவே இரண்டு வருடமாக மனோன்மணி என் வண்டியின் பின்சீட்டில்தான் போய் வருகிறாள்.

போன சனிக்கிழமை வீடு திரும்பியதும் வண்டியை விட்டு இறங்கி, சுவரில் கையை ஊன்றி நின்றபடி சொன்னாள்: “செவ்வாக்கிழமை நான் வரலைங்க. தூக்கித் தூக்கிப் போடுது. எலும்பெல்லாம் கழண்டுடும்போல இருக்கு. போதும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் பேசியிருப்பேன். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். சென்ற வருடம் ஒரே ஒரு தடவை டயாலிசிஸ் தவறிப்போனது. நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், நான்கு தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து விடியும் வரை உட்கார வைத்திருந்தேன். ஒரு தடவைக்கே அந்தப் பாடு. “போதும்” என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வீட்டில் அவளுக்குத் துணையாக இருக்க அவளுடைய தங்கை வந்தாள். சட்டைப் பையில் ஆயிரத்து எழுநூறு ரூபாயுடன் ஞாயிறு காலை கிளம்பினேன்.

எல்லையைத் தாண்டியதும் அத்திபெலேயில் டீ. பலகைகளெல்லாம் கன்னடம், பேச்செல்லாம் தமிழ். டீக்கடைக்காரர் என் வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார்.

“எங்க பெருசு, இதுலயா பெங்களூரு போறீங்க?”

“ஆமாம்.”

“போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க. எங்களுக்கும் நிம்மதியா இருக்கும்.”

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை வந்த தூரத்தில் பின்சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் என் முதுகெலும்பின் அடியில் யாரோ கட்டையால் தட்டியது போலிருந்தது. முன்சீட்டிலேயே இப்படி என்றால் பின்சீட்டில் எப்படி இருக்கும் என்று இரண்டு வருடத்தில் முதல் தடவையாக யோசித்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தத் தின்பண்டத்தைப் பார்த்தாலும் மனோன்மணிக்கு ஆகுமா ஆகாதா என்று பிரித்துவிடுவேன். சாலையோரம் இளநீர்: பொட்டாசியம், ஆகாது. வாழைப்பழ வண்டி: ஆகாது. தக்காளிக் கூடை, நெல்லிக்காய், உப்புத் தூவிய மாங்காய்க் கீற்று: ஆகாது, ஆகாது, ஆகாது. பெங்களூர் நெடுகவும் அவளுக்கு ஆகாததையே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நகரத்துக்குள் ஒரு சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஓரங்கட்டச் சொன்னார். “அஜ்ஜா” என்று கூப்பிட்டார், கன்னடத்தில் தாத்தா. காகிதங்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பின்சீட்டைக் கையால் அழுத்தி விட்டார். வண்டி ஏழு முறை ஆடி நின்றது. நான் எண்ணினேன், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னடத்தில் சொன்னார்: “காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது அஜ்ஜா. வண்டிதான் சரியில்லை.” அபராதம் போடவில்லை. போட்டிருந்தால் அங்கிருந்தே திரும்பியிருக்க வேண்டியதுதான்.

ஈஜிபுராவில் என் அக்கா மகன் செல்வம் இருக்கிறான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊர் லிஃப்டுகளையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். படிகள் ஐம்பத்திரண்டு. சந்தில் எதிரெதிர் வீடுகளின் பால்கனிகளுக்கு நடுவே ஒரு கை அகலம் இடைவெளி. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது எங்கள் அடுப்பை அணைக்கப் போனேன்.

“மாமா, நான் சொல்றத கேளுங்க,” என்றான் செல்வம். “வண்டிய காயலாங்கடையில போடுங்க. அத்தைய ஆட்டோல கூட்டிட்டுப் போங்க. மாசம் ரெண்டாயிரம் நான் அனுப்பறேன்.”

“மாசத்துக்குப் பதிமூணு தடவைடா. பத்தாயிரத்து நானூறு ஆகும்.”

அவனுக்கும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகள். “சீட்டு மேல மெத்தையா ஒரு தலகாணி கட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்டான். கட்டிப் பார்த்தாயிற்று. வழுக்கி விழப் பார்த்தாள்.

பகலில் தெருமுனை ஓட்டலில் தட்டு இட்லி வாங்கிக் கொடுத்தான். நம் ஊர் இட்லி மூன்றை ஒன்றாகத் தட்டினால் வரும் அளவு. மேலே ஒரு கரண்டி வெண்ணெய். இட்லி ஆகும், சட்னி ஆகாது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். துக்கத்தில் இருக்கிறவனுக்குத் தித்திப்பான சாம்பாரைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. ஆனாலும் முழுக்கச் சாப்பிட்டேன், காசு கொடுத்தாயிற்றே.

ஞாயிறு என்பதால் சாமான் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. செல்வத்துக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, “ரெண்டு ஷாக்கப்சரும் காலி. நாளைக்கு ஜே.சி. ரோட்டுல கேளுங்க. கெடைக்காது, சும்மா கேளுங்க,” என்றார். ஒரு நாள் அப்படியே போயிற்று.

திங்கட்கிழமை பேருந்தில் போனேன். அந்த நெரிசலில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது என்று செல்வம் சொல்லிவிட்டான். பேருந்தில் பெண்களுக்கு இலவசம்; நம் பக்கத்திலும் உண்டு. ஜே.சி. ரோட்டில் இறங்கியபோது ஒன்பதே கால். பத்தரைக்குத்தான் ஷட்டர் தூக்கினார்கள்.

ஷாக் அப்சார்பரின் அளவுகளை எழுதிய சீட்டு ஒன்று கையில் வைத்திருந்தேன். இரண்டு துளைக்கும் நடுவே பதின்மூன்று அங்குலம், துளையின் குறுக்களவு, ஸ்ப்ரிங் கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை. யாரும் சீட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் மாடலைத்தான் கேட்டார்கள்.

முதல் கடையில், “அந்த வண்டி இன்னும் ஓடுதா?” என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் உள்ளே இருந்தவரைக் கன்னடத்தில் கூப்பிட்டு, “வாங்க, இவர் என்ன வண்டி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்” என்றார். அவர் வந்து கேட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ஒன்பதாவது கடையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒரு ஜோடி காட்டினார்கள், நாலாயிரத்து இருநூறு. பன்னிரண்டாவது கடையில் இருந்தது இரண்டாயிரத்து அறுநூறு, ஆனால் ஓர் அங்குலம் நீளம் அதிகம்.

“பின்னாடி கொஞ்சம் தூக்கும், அவ்ளோதான்,” என்றார் கடைக்காரர், தமிழ்க்காரர். “ரேஸ் வண்டி மாதிரி இருக்கும். வீட்டம்மா முன்னால சறுக்கி வந்து உங்களக் கெட்டியா புடிச்சுக்குவாங்க. நல்லதுதானே?”

பதினான்கு கடை ஏறி இறங்கினேன். பதினான்காவது கடையின் வாசலில் முக்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர் நான் கேட்பதற்கு முன்பே கையை ஆட்டிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, “புதுசு தேடாதீங்க. மர்பி டவுன்ல ரெஜினான்னு ஒரு அம்மா இருக்காங்க. பழசையே தொறந்து ரிப்பேர் பண்ணுவாங்க. ஆனா வண்டியோட போகணும், தனியா கழட்டிட்டுப் போனா தொடமாட்டாங்க,” என்றார்.

வண்டி ஈஜிபுராவில். பேருந்து ஒரே இடத்தில் இருபத்தாறு நிமிடம் நின்றது. பக்கத்துச் சீட்டுப் பையன் மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலையை அங்கேயே முடித்து மூடினான். ஐம்பத்திரண்டு படி ஏறிச் சாவி எடுத்து, ஐம்பத்திரண்டு படி இறங்கி, மர்பி டவுன் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. எனக்கு மிச்சம் ஐந்து மணி நேரம். ஆறு மணிக்காவது கிளம்பினால்தான் நகரத்து நெரிசலையாவது வெளிச்சத்தில் தாண்டலாம். எனக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது.

அல்சூர் பக்கத்துச் சந்து ஒன்றில் பத்தடிக்கு எட்டடி கடை. சுவர் நெடுக ஸ்ப்ரிங்குகள் தொங்கின. முந்நூறுக்கு மேல் இருக்கும், எண்ணத் தெம்பில்லை. ரெஜினாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“ஏறி உக்காருங்க அங்கிள்,” என்றார்.

நான் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“அது அப்பால. மொதல்ல உக்காருங்க. ஆளு உக்காராம நான் எதையும் பாக்கமாட்டேன்.”

உட்கார்ந்தேன். மண்டியிட்டு, அச்சிலிருந்து சீட்டுக் கம்பி வரை ஸ்கேல் வைத்து அளந்து, சாக்பீசால் தரையில் எழுதினார். “எத்தினி கிலோ நீங்க?”

“ஐம்பத்தாறு.”

“பின்னாடி யாரு?”

“வீட்டுக்காரி.”

“அவங்க எத்தினி கிலோ?”

“போகும்போதா, வரும்போதா?” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “இன்னாது?”

“சனிக்கிழமை போகும்போது நாற்பத்தொரு கிலோ ஐந்நூறு கிராம். வரும்போது முப்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம்.”

கையிலிருந்த சாக்பீசைக் கீழே வைத்தார். “டயாலிசிஸா?”

தலையாட்டினேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர் மாமியாருக்கு இரண்டு வருடம் டயாலிசிஸ் பார்த்தாராம், அதைப் பிறகு ஒரே வரியில் சொன்னார். இரண்டு எடையையும் தரையில் எழுதிக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தவர், ஷாக்கப்சரின் அடியில் இருக்கும் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“யாரு இத்த அஞ்சாவது ஸ்டெப்புல வெச்சது?”

அந்த வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு அதில் ஐந்து படிகள் உண்டு. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் படிப்படியாக இறுகும். மனோன்மணி முதல் தடவை வலிக்கிறது என்றபோது, ஸ்ப்ரிங் தொய்ந்துவிட்டது என்று நினைத்து ஒன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பினேன். அடுத்த மாதம் மறுபடி சொன்னாள், மூன்று. பிறகு நான்கு. பிறகு ஐந்து. ஐந்துக்குப் பிறகு, போன சனிக்கிழமை வரை, அவள் வலி என்று சொல்லவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“நான்தான்,” என்றேன்.

“அங்கிள், படிச்ச ஆளு மாதிரி கீறீங்க. இன்னா வேல இது?” ரெஜினா குரலை உயர்த்தவில்லை. “உள்ள குதிக்காம புடிக்கற எண்ணெய் செத்துப்போச்சு. எண்ணெய் இல்லாத ஷாக்கப்சர்ல ஸ்ப்ரிங்க இறுக்கினா சரியா அமுங்காது, அமுங்கினாலும் எகிறும். குழில எறங்கி ஏறறப்போ ஒரே எத்து. கம்பெனிக்காரன் இந்த ஸ்ப்ரிங்க ரெண்டு தடி ஆளுங்க, ஒரு மூட்டை அரிசி, எல்லாத்துக்கும் கணக்குப் பண்ணிப் போட்டான். நீங்க ரெண்டு பேரும் சேந்தே ஒரு ஆளுதான். அதுல நாப்பது கிலோ பொம்பளைய உக்கார வெச்சு அஞ்சாவது ஸ்டெப்பு. அவங்க எப்டி உக்காந்து வந்தாங்க?”

வாரத்துக்கு மூன்று நாள், போக வர ஆறு தடவை, பத்தொன்பது வேகத்தடை. மனம் தானாகப் பெருக்கத் தொடங்கியது. நூற்றுப் பதினான்கு என்று வந்தது. அதை இரண்டு வருடத்து வாரங்களால் பெருக்கப் போனேன். நிறுத்திவிட்டேன்.

ரெஜினா இரண்டையும் கழற்றி, அடுத்த கடையில் லேத் மெஷின் வைத்திருக்கும் பாஷா பாயிடம் மூடியைத் திறக்கக் கொடுத்தார். கவிழ்த்தபோது ஒன்றிலிருந்து ஒரு ஸ்பூன் கறுப்புத் திரவம் வந்தது. மற்றதிலிருந்து எதுவும் வரவில்லை. எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். பழைய ஸ்ப்ரிங்குக்குப் பதில் மெல்லிய கம்பியில் வேறு ஜோடி. ஆயிரத்து இருநூறு கேட்டார். என்னிடம் ஆயிரத்து முந்நூற்று எழுபது இருந்தது. குறைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

“ஒரு ரூபா குறையாது அங்கிள். புடிச்சா செய்றேன்.”

மூன்றரைக்கு மனோன்மணியின் தங்கை போன் செய்தாள். “மாமா, அக்கா டயாலிசிஸ் பையை எடுத்து பீரோல வெச்சுப் பூட்டிட்டா. போர்வை, பைல் எல்லாம் அதுலதான் இருக்கு. சாவிய குடுக்க மாட்டேங்கறா.”

“என்ன சொல்றா?”

“எதுவும் சொல்லல. நாளைக்குக் காலைல தூங்கணுமாம்.”

சந்து முனையில் போய் நின்றேன். எதிரே ஒரு தேவாலயச் சுவர். கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு அந்த வழக்கம் இல்லை, எந்தச் சாமியிடமும் இல்லை. திரும்பி வந்தேன்.

நாலரைக்கு ஷாக்கப்சர்களை வண்டியில் மாட்டியாயிற்று. இப்போது மனோன்மணியின் எடையில் ஒருவர் பின்னால் உட்கார வேண்டும். சந்தில் அந்த எடைக்கு ஆள் இல்லை. ரெஜினா இரண்டு தண்ணீர் கேன்களை உருட்டிக்கொண்டு வந்தார். இருபது லிட்டர் வீதம் நாற்பது கிலோ. காலி கேன் முக்கால் கிலோ வீதம் ஒன்றரை. மொத்தம் நாற்பத்தொன்றரை. சரியாக மனோன்மணி. பின்சீட்டில் ஒரு பலகையைப் போட்டு, கேன்களை நிறுத்தி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார்.

“ஓட்டுங்க. சந்து முனைல கீற ஹம்ப்பு மேல எப்பவும் போற வேகத்துலயே போங்க. நான் சக்கரத்த பாக்கறேன்.”

ஓட்டினேன். வேகத்தடையில் இறங்கியதும் அடியில் டொக்கென்று இரும்போடு இரும்பு மோதிய சத்தம். ஸ்ப்ரிங் வேண்டியதைவிட மெலிசு, கடைசிவரை அமுங்கிவிட்டது. மணி ஐந்து. பாஷா பாய் ஐந்தரைக்கு லேத்தை மூடுவாராம். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் கேன்கள் அசையாமல் இருந்தன. இறங்கவும் தோன்றவில்லை.

“அதுக்குள்ள மூஞ்சிய தொங்கப் போட்டா எப்டி?” என்றார் ரெஜினா. பாஷா பாயிடம் உருதுவில் ஏதோ கேட்டார். அவர் ஒரு இரும்புக் குழாயிலிருந்து இரண்டு வளையங்கள் வெட்டிக் கொடுத்தார், கட்டைவிரல் அகலம். அவற்றை ஸ்ப்ரிங்குக்கு மேல் செருகி மறுபடி மாட்டினார். படி இரண்டில் வைத்தார்.

இந்தத் தடவை பின்சக்கரம் ஏறியது, இறங்கியது, ஒரு தடவை மெல்ல அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான். திரும்பி வந்து இன்னொரு தடவை போனேன். அதே போல.

“வரும்போது எடை குறையுமே,” என்றேன்.

“ஒன்றரை கிலோ வித்தியாசம் ஸ்ப்ரிங்குக்குத் தெரியாது அங்கிள்.”

“பார்த்துவிடலாம்.”

என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, கேனைச் சாய்த்து ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஊற்றினார். ஒன்று. பிறகு அரை.

“இன்னும் நூறு மில்லி,” என்றேன்.

“அங்கிள்!”

ஆனாலும் ஊற்றினார். தண்ணீர் சாக்கடையை நோக்கி ஓடியது. மனோன்மணிக்கு ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிதான் அனுமதி. காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். அவள் இரண்டு நாள் குடிக்கும் தண்ணீர் சந்தின் கல்லிடுக்கில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏறி ஓட்டினேன். குறைந்த தண்ணீர் கேனுக்குள் சளப் சளப் என்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி குதிக்கவில்லை.

“இந்த வளையத்த இனிமே தொட்டீங்க, வீடு தேடி வந்து ஸ்பேனர புடுங்கிக்குவேன்,” என்று சொல்லி அனுப்பினார் ரெஜினா.

ஆறு பத்துக்குக் கிளம்பி, இருட்டியபின் மெதுவாக ஓட்டி வந்தேன். பெட்ரோல் போட்டது போக அறுபது ரூபாய் மிச்சம். வழியில் எங்கும் எதுவும் சாப்பிடவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது மனோன்மணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி எழ நேரமாயிற்று.

செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலு மணிக்கு எழுப்பினேன்.

“தெருமுனை வரைக்கும் உக்காந்து பாரு. தூக்கிப் போட்டா திரும்பிடலாம். சத்தியமா.”

அவள் எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியிலிருந்து பீரோ சாவியை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள். அது ஒப்புதலா, தொந்தரவு ஓய்ந்தால் போதும் என்பதா, எனக்குப் புரியவில்லை.

தெருமுனையில் முதல் வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. வழக்கமாக அந்த இடத்தில் என் சட்டையைப் பிடித்திருக்கும் அவள் கை இறுகும். இறுகவில்லை. நான் நிறுத்தவில்லை. பதினொன்றரை கிலோமீட்டரும் அப்படியே போனோம்.

மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். நாற்பத்திரண்டு கிலோ நூறு கிராம். மெஷின் காலியாகும் வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“எப்படி இருந்தது?”

“வண்டி குதிக்கல.”

“வலி?”

யோசித்துச் சொன்னாள்: “முதுகுல குத்தறது இல்ல. இடுப்புல இருக்கறது அப்படியேதான் இருக்கு. அது எலும்புல இருக்கற வலி, வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல போல.”

பாதி, என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அலைந்து பாதி. மறுபாதிக்கு எந்த ஊரிலும் கடை இல்லை. ஆனாலும் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. ரெஜினா கண்டுபிடித்ததைச் சொன்னேன். படிப்படியாக இறுக்கியது நான்தான், அதனால்தான் அவளுக்கு வலி கூடியது என்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், தரையின் சதுரக் கற்களைப் பார்த்துச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீங்க ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வண்டி பக்கத்துல உக்காந்தா, மறுநாள் ஜாஸ்தியா வலிக்கும். ஒவ்வொரு தடவையும்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“முட்டி மடக்க முடியாத மனுஷன் தரையில உக்காந்து, வேர்த்து விறுவிறுத்து, எனக்காகத்தானே திருப்பறீங்க? எப்படிங்க சொல்றது?” கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். “அதச் சொல்றதுக்கு நான் வராமலே இருந்துட்டா தேவலைன்னு பாத்தேன்.”

நர்ஸ் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மனோன்மணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். நான் கொடுத்த கையைப் பற்றிக்கொண்டு கதவு வரை நடந்தாள். உள்ளே போகும் முன் நின்றாள்.

“வியாழக்கிழமை வரைக்கும் அந்த வளையத்தத் தொடாதீங்க. இப்படியே இருக்கட்டும்.”